கேட்டுச் செய், காட்டித் திருத்து

கொச்சி மட்டாஞ்சேரியில் ஓர் அத்தை மீன் விற்கிறார். புதுச்சேரியிலிருந்து வந்த குடும்பம். அவருடைய அண்ணன் மகன் கணினி படிக்கிறான்.

"அத்தை, மீன் விற்பவர்களுக்குச் செல்போன் செயலி செய்யப் போகிறேன். தோப்பும்படித் துறைமுகத்தில் மீன் என்ன விலை என்று அதில் தெரியும்."

"யாரிடமாவது கேட்டாயா?"

"இல்லை, நானே யோசித்தேன்."

"அப்படியானால் நம் வீராம்பட்டினத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேள்" என்றார் அத்தை.

வீராம்பட்டினம் புதுச்சேரியில் உள்ள மீனவர் கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ஆம் ஆண்டு புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. மக்களுக்கு எந்தத் தகவல் தேவை என்று விசாரித்தார்கள். மீனவருக்குக் கடலின் நிலை தெரிய வேண்டும். அலை பெரிதானால் உயிருக்கு ஆபத்து அல்லவா?

அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயரக் கணிப்பு கிடைத்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் செய்தி சேர்ந்தது.

நல்லவாடு என்ற கிராமத்திலும் இப்படி ஒரு மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். ஒலிபெருக்கி அலறியது. மக்கள் கரையை விட்டு ஓடினார்கள். பல உயிர்கள் தப்பின.

பின்னர் அதே நிறுவனம் மீனவர்களுக்குச் செல்போன் செயலியும் தந்தது. அலை, காற்று, மீன் கிடைக்கும் இடம் ஆகியவற்றை அது சொல்லும். கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும்.

மருமகன் யோசித்தான். கணினியைத் தொடவில்லை. செயலி எப்படி இருக்கும் என்று காகிதத்தில் வரைந்தான். மீன் விற்கும் பெண்களிடம் காட்டினான்.

"கை ஈரமாக இருக்கிறது. போனை எப்படித் தொடுவேன்?" என்றார் ஒருவர்.

"எழுத்து பொடியாக இருக்கிறது" என்றார் இன்னொருவர்.

"விலை மட்டும் போதாது, தம்பி. மீன் வந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். நேற்று ஆட்டோவுக்குக் கொடுத்த காசு வீண். வெறும் கூடையோடு திரும்பினேன்" என்றார் மூன்றாமவர்.

அவன் மாற்றினான். ஒரே ஒரு பெரிய பொத்தான். அழுத்தினால், மீன் வரவையும் விலையையும் குரலில் சொல்லும். அதைச் சிறிதாகச் செய்து அத்தையின் கையில் கொடுத்தான். அத்தை பொத்தானைத் தேடித் தடுமாறினார். அவன் சொல்லித் தரவில்லை. தடுமாறிய இடத்தைக் குறித்துக்கொண்டான். மறுபடியும் திருத்தினான்.

தவறு காகிதத்தில் தெரிந்தால், அழித்து எழுதலாம். எல்லாம் முடிந்தபின் தெரிந்தால், பணமும் உழைப்பும் வீண்.

நினைவில் கொள்வோம்

1. முதலில் கேட்போம்.
2. சிறிதாகச் செய்வோம்.
3. பயன்படுத்துபவர் கையில் கொடுத்துப் பார்ப்போம்.
4. தவறைத் திருத்துவோம்.

பேசுவோம்

1. வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி ஏன் உதவியது?
2. உங்கள் தொழிலுக்கு ஒரு செயலி வந்தால், அது எதைச் சொல்ல வேண்டும்?