முருகைக்கல்லின் சிவப்பு

நிலாவெளி

அன்பின் தம்பி,

"லைட்ரூமுக்கு மாதாமாதம் கட்டக் காசில்லை, பேசாமல் ஜேபெக்கிலேயே எடுக்கட்டுமா சேர்?" என்று கேட்டிருந்தீர். கடிதத்தை மடித்து வைத்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மென்பொருளின் விலைதான் படத்தின் தரம் என்று உமக்கு யார் சொன்னது?

புறாமலையில் நீர் எடுத்த முருகைக்கல் படத்தையே பாரும். எல்லாம் ஒரே நீலப்பச்சை. கடல் முதலில் குடிப்பது சிவப்பைத்தான். கமராவிலும் சிவப்புக்கு இடம் குறைவு: கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டியில் பாதிக் கட்டங்கள் பச்சைக்கு, கால்வாசிதான் சிவப்புக்கு. தப்பி வந்த அந்தக் கொஞ்சத்தையும் ஜேபெக் 256 படிகளுக்குள் அடைத்து, வைட் பலன்ஸையும் தானே முடிவுசெய்துவிடுகிறது. கமரா பதப்படுத்தாமல் அப்படியே தரும் 14 பிட் றோ கோப்பில் 16,384 படிகள். முடிவு உம்முடைய கையில்.

வைட் பலன்ஸ் என்பது வெறும் பெருக்கல் கணக்கு. சிவப்பைப் பெருக்கினால் அதிலுள்ள இரைச்சலும் பெருகும். அதனால்தான் ரோதெரபி என்ற மென்பொருளைச் சொல்கிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் விடுபட்ட நிறங்களை இட்டுநிரப்பும் முறையை அதில் நீரே தெரிவுசெய்யலாம். எல்எம்எம்எஸ்இ முறையைப் போட்டு, முருகைக்கல்லின் ஓரத்தை 200 வீதத்துக்குப் பெருப்பித்துப் பாரும். மணல் தூவியதுபோல் கிடந்த சிவப்புப் புள்ளிகள் அடங்குவது தெரியும். அது இலவசம். டார்க்டேபிளும் இலவசம். கனோன், நிகோன் கமராக்களுக்கு அந்தந்த நிறுவனமே இலவச மென்பொருள் தருகிறது. டேவ் கொஃபின் என்ற தனிமனிதர் 1997இல் தொடங்கிய டிசிரோ நிரலின் தோளில் நின்றுதான் எத்தனையோ மென்பொருள்கள் றோ கோப்பைத் திறக்கின்றன. இவ்வளவும் இருக்க, களவுப் பிரதியை இறக்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் 1956இல் கோணேசர் மலையடியில் மூழ்கி, பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டதை கிளார்க்கின் நூலில் வாசித்திருக்கிறேன். வாசிக்கும்போதெல்லாம் அவர்களுடைய பிலிமை நினைத்துக்கொள்வேன். கடல் தின்ற நிறத்தைக் கரையில் வந்து தேட அவர்களுக்கு உம்மளவு வசதி இருக்கவில்லை.

வாடை தொடங்கிக் கடல் கலங்குமுன் இன்னொருமுறை போய் றோவில் எடும். படத்தை மட்டும் அனுப்பாதீர். பக்கத்தில் ரோதெரபி எழுதிவைக்கும் பிபி3 கோப்பையும் அனுப்பும். சிவப்பை எவ்வளவு ஏற்றினீர் என்று நான் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
உம்முடைய ஆசிரியர்