தீயணைப்பு வண்டியின் தண்ணீர் எங்கே போகும்? ஒர்க் ஷீட்டில் ஒரு சோதனை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் ஒர்க் ஷீட் என்றாலே வீட்டுச் செலவுக் கணக்கு என்று எண்ணுகிறார்கள். ஒரு டிசைன் சரியா, தவறா என்று சோதிக்கவும் அது உதவும். நான் செய்த ஒரு தவறை வைத்தே இதனைச் சொல்லித் தருகிறேன்.

பெரிய கட்டடங்களின் கூரையில் ஸ்பிரிங்க்ளர் இருக்கும். தீயின் சூட்டில் அது திறந்து தண்ணீரைப் பொழியும். தெருக் குழாயில் தண்ணீர் போதாவிட்டால் என்ன செய்வது? அதற்காகக் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஓர் இணைப்பு வைப்பார்கள். தீயணைப்பு வண்டி அதில் ஹோஸ் பைப்பை மாட்டித் தண்ணீரை உள்ளே அழுத்தும்.

இதன் அருமை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1991 பிப்ரவரி 23ல் தெரிந்தது. ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில், 22ஆம் மாடியில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தனர். மாடி மாடியாக ஏறிய தீ, ஸ்பிரிங்க்ளர் இருந்த 30ஆம் மாடியில்தான் நின்றது. அங்கே திறந்தவை 10 ஸ்பிரிங்க்ளர்கள் மட்டுமே. அவற்றுக்கு வெளியிலிருந்து தண்ணீர் ஏற்றியவை தீயணைப்பு வண்டிகள்.

நான் செய்த தவறு

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அமெரிக்கக் கட்டடங்களின் குழாய்ப் படங்களைச் சரிபார்க்கும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். அங்கு பின்பற்றப்படும் என்.எப்.பி.ஏ. 13 விதிப்படி, ஒரே ஒரு சிஸ்டம் இருந்தால் வெளி இணைப்பு அந்த சிஸ்டத்தின் வால்வைத் தாண்டிச் சேர வேண்டும். வால்வு மூடியிருந்தாலும் தண்ணீர் போகும். பல சிஸ்டம்கள் இருந்தால், முக்கிய வால்வுக்கும் தனித்தனி சிஸ்டம் வால்வுகளுக்கும் நடுவே உள்ள பொதுக் குழாயில் சேர வேண்டும். நான் முதல் விதியையே இரண்டுக்கும் எழுதிவிட்டேன். குழாய் வேலை தெரிந்த மூத்த இன்ஜினியர் ஒருவர்தான் அதனைக் கண்டுபிடித்தார்.

நீங்களும் செய்து பாருங்கள்

எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறக்கவும். முதல் நெட்டு வரிசையில் கீழ்க்கண்ட பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக டைப் செய்யவும்.

1. தெருக் குழாய்
2. முக்கிய வால்வு
3. வண்டித் தண்ணீர்
4. முதல் சிஸ்டம் வால்வு
5. இரண்டாம் சிஸ்டம் வால்வு
6. முதல் சிஸ்டத்தில் தண்ணீர்
7. இரண்டாம் சிஸ்டத்தில் தண்ணீர்

இரண்டாம் நெட்டு வரிசையில் முதல் 5 செல்களிலும் 1 என அமைக்கவும். 1 என்றால் தண்ணீர் உண்டு அல்லது வால்வு திறந்துள்ளது. 0 என்றால் இல்லை.

இனி பார்முலா. 6ஆவது செல்லில் சமன் குறி டைப் செய்து, அடைப்புக்குறி தொடங்கி, தெருக் குழாயின் 1ஐ மவுசால் கிளிக் செய்யவும். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறியிட்டு, முக்கிய வால்வைக் கிளிக் செய்யவும். கூட்டல் குறியிட்டு, வண்டித் தண்ணீரைக் கிளிக் செய்யவும். அடைப்பை மூடி, மீண்டும் நட்சத்திரம் போட்டு, முதல் சிஸ்டம் வால்வைக் கிளிக் செய்து என்டர் தட்டவும். 7ஆவது செல்லுக்கும் இதே முறைதான். கடைசியில் மட்டும் இரண்டாம் சிஸ்டம் வால்வைக் கிளிக் செய்யவும். இது சரியான டிசைன்.

பக்கத்து வரிசையில் என் தவறான டிசைனை அமைப்போம். 6ஆவது செல்லில் தெருக் குழாய், முக்கிய வால்வு, முதல் சிஸ்டம் வால்வு மூன்றையும் பெருக்கி, வண்டித் தண்ணீரைக் கூட்டவும். 7ஆவது செல்லில் தெருக் குழாய், முக்கிய வால்வு, இரண்டாம் சிஸ்டம் வால்வு ஆகியவற்றைப் பெருக்கினால் போதும். தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் செக் வால்வு தடுப்பதால், வண்டித் தண்ணீர் இங்கே வராது.

தற்போது நான்கு விடைகளும் 1 அல்லது 2 எனக் காட்டும். 2 என்றால் இரு வழியிலும் தண்ணீர் உண்டு. எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது தவறு கண்ணில் படவே இல்லை, கவனித்தீர்களா?

முக்கிய வால்வை 0 ஆக்கவும். சரியான டிசைனில் இரண்டுமே 1. தவறான டிசைனில் இரண்டாம் சிஸ்டம் 0! வாசலில் வண்டி தண்ணீர் அடித்துக்கொண்டிருக்க, உள்ளே ஒரு பகுதி எரிந்துகொண்டிருக்கும்.

மீண்டும் அதை 1 ஆக்கி, முதல் சிஸ்டம் வால்வை மட்டும் 0 ஆக்கவும். சரியான டிசைனில் முதல் சிஸ்டம் 0, இரண்டாவது 2. ஒன்றைப் பழுது பார்க்க மூடினாலும் மற்றது பாதிக்கப்படாது.

படத்தில் பார்க்க வேண்டிய மற்றவை

வெளி இணைப்புக் குழாயில் செக் வால்வு இருக்கலாம். மூடித் திறக்கும் வால்வு கூடாது. யாராவது மூடிவிட்டால் வண்டி வந்தும் பயனில்லை. ஓர் இணைப்பு கட்டடத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் என்றால், எந்தப் பகுதி என்று போர்டு வைக்க வேண்டும். எழுத்து குறைந்தது 1 அங்குல உயரம் வேண்டும். இருட்டிலும் புகையிலும் வருபவருக்கு அதுதான் வழிகாட்டி.

பைலுக்கு ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்திடுங்கள். மூன்றாவது சிஸ்டம் ஒன்றை நீங்களே சேர்த்து, ஒவ்வொரு 1ஐயும் 0 ஆக்கிப் பாருங்கள். நான் அன்று புரோகிராமை அப்படிச் சோதித்திருந்தால் தவறு என் மேசையிலேயே பிடிபட்டிருக்கும்.