பழைய வண்டி, பெரிய எஞ்சின்

100 சிசி வண்டியில் பழகிய அண்ணனோ அக்காவோ 350 சிசி புல்லட்டை விரும்பக்கூடும். சென்னைத் திருவொற்றியூரில் பல்லாண்டுகள் உருவான வண்டி அது! புதிய வண்டியின் விலை மிகுதி; ஆதலால் தில்லி கரோல் பாக் போன்ற இடங்களில் பழையதைத் தேடுவர். 100 சிசி வண்டி ஏறத்தாழ 110 கிலோ எடையுள்ளது. புல்லட்டோ 180 கிலோவைத் தாண்டும். ஓட்டும்போது அன்று, தள்ளித் திருப்பும்போதே அவ்வேறுபாடு புலப்படும். எனவே முதலில் தள்ளிப் பார்த்தல் வேண்டும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிப் பார்த்தலே நன்று. விற்பவர் முன்னரே சூடேற்றி வைத்திருந்தால், கிளப்புவதிலுள்ள குறை மறைந்துவிடும். நீலப்புகை வந்தால், எஞ்சினுள் எண்ணெய் எரிகிறது என்று பொருள். பழுதுபார்க்கும் செலவு பெரிது.

வண்ணப்பூச்சில் மயங்குவோர் பலர். காண வேண்டியது வேறு. வண்டியில் பொறித்துள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றிதழில் உள்ளவற்றோடு ஒவ்வோர் இலக்கமும் ஒத்திருத்தல் வேண்டும். மாறுபட்டால், அது திருட்டு வண்டியாகவும் இருக்கலாம். சான்றிதழில் வங்கிக் கடன் குறிப்பு இருப்பின், கடன் தீர்ந்ததற்கான வங்கிச் சான்றைக் காணும்வரை பணம் தரலாகாது. தவறினால், பிறர் கடனுக்காக நம் வண்டி பறிபோகக்கூடும்.

பயிற்சி: உங்கள் வீட்டு வண்டியில் சேசிஸ் எண் எங்கே பொறிக்கப்பட்டுள்ளது? பெற்றோர் துணையுடன் கண்டறிந்து, சான்றிதழோடு ஒப்பிட்டு, கண்டதை ஐந்து வரிகளில் எழுதுக.