ஸ்பேம் ஃபோல்டரில் நல்ல மெயிலும் இருக்கும்

உங்க ஸ்பேம் ஃபோல்டரைக் கடைசியா எப்போ திறந்து பார்த்தீங்க? பிளேஸ்மென்ட் நேரத்தில் அடிக்கடி பாருங்க. இன்டர்வியூ தேதி சொல்லும் மெயில் அங்கே கிடக்கலாம். நல்ல மெயில் ஏன் அங்கே போகுதுன்னு புரியணும்னா சட்டம், ஃபில்டர் இரண்டும் தெரியணும்.

முதல்ல சட்டம். அமெரிக்காவின் கேன்-ஸ்பேம் சட்டம் 2004 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கு. விளம்பர மெயிலை அது தடை செய்யவில்லை, நிபந்தனைதான் போடுது. அனுப்புபவர் யார் என்பதை மறைக்கக் கூடாது. சப்ஜெக்ட் வரியில் ஏமாற்று கூடாது. தபால் முகவரி இருக்கணும். 'வேண்டாம்' என்றவருக்கு 10 வேலை நாட்களுக்குள் நிறுத்தணும். மீறினால் ஒரு மெயிலுக்கே 50,000 டாலருக்கு மேல் அபராதம் வரலாம். கனடாவில் 2014-இல் வந்த சட்டம் இன்னும் கறார்: அனுப்பும் முன்பே சம்மதம் வேணும்.

இதில் மாட்டுவது யார்? பொய்ப் பெயரில் மோசடி மெயில் அனுப்புறவன் முகவரி போடப் போறதில்லை. தனியாளாகச் செய்திமடல் நடத்தி விளம்பரத்தில் சம்பாதிப்பவர்தான், வீட்டு முகவரியை ஊருக்கே காட்டுவதா, தபால் பெட்டிக்கு வாடகை கட்டுவதா என்று யோசிக்கணும்.

அடுத்து ஃபில்டர். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் புது விதிகள். மூன்று சோதனைகள் கட்டாயம்:

எஸ்.பி.எஃப்: இந்த டொமைன் பெயரில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்ற பட்டியல்.
டிகிம்: மெயிலில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து.
டிமார்க்: இவை தேறாவிட்டால் மெயிலை என்ன செய்யணும் என்ற அறிவிப்பு.

காலேஜ் மெயிலை ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்கீங்களா? அப்போ அனுப்பும் சர்வர் மாறிடுது. எஸ்.பி.எஃப் சோதனையில் தோற்கலாம். டிகிம் கையெழுத்து கெடாமல் இருந்தால்தான் தப்பிக்கும்.

இதோடு, ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டவே கூடாது. கணக்கு போடுங்க: 1,000 பேரில் வெறும் 3 பேர். தானே பதிவு செய்த ஒரு மடலை நிறுத்த, சோம்பலில் 3 பேர் ஸ்பேம் பட்டனை அமுக்கினால், விரும்பிப் படிக்கும் 997 பேருக்கும் அது வராமல் போகலாம். வரவில்லை என்பதே அவங்களுக்குத் தெரியாது.

அதனால் இதைச் செய்யுங்க. நீங்களே பதிவு செய்தது வேண்டாமென்றால் 'அன்சப்ஸ்கிரைப்' அமுக்குங்க. முன்பின் தெரியாத மெயிலா? எந்த லிங்க்கையும் தொடாமல் ஸ்பேம் என்று புகார் கொடுங்க. நல்ல மெயில் ஸ்பேமில் இருந்தால் 'ஸ்பேம் இல்லை' என்று குறியுங்க. சிம்போசியம் அழைப்பு அனுப்புறவங்களா? கேட்காதவங்க முகவரியைப் பட்டியலில் சேர்க்காதீங்க.

இன்னைக்கே ஒரு தடவை அந்த ஃபோல்டரைத் திறந்துடுங்க. அங்கே இருப்பதை 30 நாளில் ஜிமெயில் தானாகவே அழிச்சிடும்.