தோல் நகரங்களும் உடல் நலமும்

சங்கச் செய்யுட்களைப் பயில்வோர் மோசிகீரனாரை மறவார். வழிநடை வருத்தத்தால், முரசு கட்டில் என்று அறியாது அதன்மேற் கிடந்து துயின்ற அப்புலவரைத் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளால் எறியாது கவரி கொண்டு வீசி நின்றான் என்பது புறநானூற்றால் அறியக்கிடக்கின்றது. முரசத்திற்குக் கட்டில் உண்டு, நீராட்டு உண்டு, மலரும் உண்டு. அம்முரசத்திற்குப் போர்த்த தோலைப் பதனிட்டுக் கொடுத்தவன் யாவன், எங்கே குடியிருந்தான், அவன் நோயுற்றபோது யார் சென்று நோக்கினார் என்று வினவினார் இலர். பாலாற்றங்கரையில் தமிழ் பயிலும் நம்மனோர்க்கு இவ்வினா ஏட்டோடு நிற்பதன்று. நம் வகுப்பிலேயே தந்தையோ அன்னையோ தோல் ஷாப்பிற் கூலி பெற்றதனாற் கற்க வந்தவர் பலர்.

ராணிப்பேட்டை, மேல்விசாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் பாலாற்றையும் அதன் கிளையாறுகளையும் அடுத்துத் தோற்றொழிலால் வளர்ந்தவை. முன்னாளில் ஒன்றாயிருந்த வேலூர் மாவட்டம் 2019ஆம் ஆண்டில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டமையின், இவ்வூர்கள் இன்று மூன்று மாவட்டங்களிற் கிடக்கின்றன. நோயும் நீரும் அவ்வெல்லையைப் பார்ப்பதில்லை. முதலாளிகளிற் பலர் முஸ்லிம் வணிகக் குடியினர். தோலைத் தொட்டுத் துவைப்போர் பெரும்பாலும் ஆதிதிராவிடர், அருந்ததியர், வறிய முஸ்லிம்கள். அண்மைக் காலத்தில் வங்காளம் முதலிய வடபுலத்தினின்று வந்த கூலியாட்களும் உளர். சிறுபான்மையோர் என்னுஞ் சொல்லை ஈண்டுத் தலையெண்ணும் பொருளில் மட்டும் யான் வழங்கவில்லை. பெருந்தொகையினராய் இருந்தும், பதிவேட்டிலும் மருத்துவரது கருத்திலும் சிறுபான்மையாய் நிற்போரையும் அச்சொல்லுள் அடக்குகின்றேன்.

பண்டைத் தொழில்முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் தோலை ஊறவைப்பர். 1970களில் அரசினர் அரைப்பதத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி முழுப்பதத் தோலையும் தோற்பொருள்களையும் ஊக்கினர். அதன் பின்னர்க் குரோமப் பதன் எங்கும் பரவிற்று. வாரக்கணக்கிற் செய்த தொழில் ஓரிரு நாளில் முடிந்தது, பொருள் பெருகிற்று, கழிவுநீரின் இயல்பும் மாறிற்று.

தொழிலின் ஒவ்வொரு படிக்கும் தனித்தனி நோய் உண்டு. உப்பிட்ட பச்சைத் தோலைச் சுமப்பவனுக்கு முதுகும் தோளும் நோகும். சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த குழியில் மயிர் நீக்குவோனுக்குக் கையும் காலும் வெந்து வெடிக்கும். அச்சல்பைடு அமிலத்தோடு சேருமிடத்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுக்காற்று எழும். அது முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிக்கபோது மோப்ப உணர்வையே கெடுத்துவிடும். நாற்றம் போயிற்று என்று நம்பித் தொட்டிக்குள் இறங்குவோன் மயங்கி வீழ்வான். அவனைத் தூக்க இறங்குவோனும் வீழ்வான். குரோம உப்புப் பட்ட இடத்தில் வட்டமாய்க் குழிந்த புண் தோன்றும். பதன்தொழிலிற் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். அது புற்றுநோய் செய்யும் அறுவிணைதிறக் குரோமியத்தைப்போல் அத்துணைக் கொடியதன்று. ஆயினும் அவ்வுப்பு முதலியவற்றைச் செய்த ராணிப்பேட்டை ஆலையொன்று 1990களின் இடையில் மூடப்பட்டபோது, 1 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமக் கழிவு வெட்டவெளியிற் குவிந்து கிடந்தது. நிலத்தடி நீரில் இறங்கியது அக்கொடிய வகையே.

இத்தாலிய மருத்துவர் இரமஸ்ஸினி என்பவர் 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப்பற்றி ஒரு நூல் இயற்றினார். தோல் பதனிடுவோரையும் அதனுள் விடாது கூறினார். மருத்துவர் நோயாளியை வினவும் பழைய வினாக்களோடு, ‘நின் தொழில் யாது?’ என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இம்மூன்று நூற்றாண்டில் மருத்துவம் எவ்வளவோ வளர்ந்தும், நம் ஊர்களிலே சொறிக்கும் இளைப்புக்கும் மருந்து எழுதப்படுகின்றது. தொழில் எழுதப்படுவது அரிதாயிருக்கின்றது. குரோமப் புண்ணை அறிவிக்கத்தக்க தொழில்நோயாக 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் அட்டவணையில் வைத்தது. அதனைக் கண்ட மருத்துவரும் அறிவித்தல் வேண்டும். தொழிலை வினவாதவிடத்து அறிவிப்பது யாங்ஙனம்? அறிவிப்பு இல்லாதவிடத்து ஆலையைச் சோதிப்பார் யார்?

மருத்துவ வசதியே இல்லாத நாடன்று நம் நாடு, இதுவே வியப்பு. 1900ஆம் ஆண்டில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒரு படுக்கை கொண்டு தொடங்கிய பணி இன்று உலகறிந்த மருத்துவக் கல்லூரியாய் நிற்கின்றது. அவ்வம்மையார் இளமையில் திண்டிவனத்தில் தம் தந்தையாரோடு இருந்த காலத்து, ஒரே இரவில் மூன்று ஆடவர் வந்து, பேறுகால வருத்தத்திற் கிடந்த தம் மனைவியரைக் காக்க வேண்டினர். ஆண் மருத்துவரை அவர் வேண்டாராயினர். அவர் வேண்டிய பெண்ணோ மருத்துவம் கல்லாதவர். மூன்று பெண்டிரும் மாண்டனர். அவருள் ஒருத்தி முஸ்லிம் மங்கை. இக்கதையை நம் பக்கத்தில் அறியாதார் இலர். ஆயினும் அதன் உட்கிடையை ஊன்றி நோக்குவார் சிலரே. அன்று மருத்துவர் அவ்வூரிலேயே இருந்தார். வழக்கம் இடைநின்று தடுத்தது. அருகிலிருப்பது வேறு, எட்டுவது வேறு என்பதனை உணர்ந்தமையாலன்றோ அம்மையார் 1902இல் மருத்துவமனை எழுந்த பின்னும் அதனுள் அமர்ந்திராது, சாலையோர மரநிழல்களில் நோயாளரைக் கண்டு, பெண்களையே செவிலியராகவும் மருத்துவராகவும் பயிற்றினார்? அவ்வழியில் வந்தனவே பாகாயத்தினின்று கணியம்பாடிச் சிற்றூர்களை நோக்கும் சமுதாய நலப் பிரிவும், 1977இல் கே.வி.குப்பம் வட்டாரத்தில் தோன்றிய ஊரகப் பிரிவும், வேலூர் நகர ஏழையர்க்குக் குறைந்த செலவில் மருத்துவஞ் செய்யும் பிரிவும். தொழுநோயர்க்குக் கரிகிரியில் 1955இல் ஒரு நிலையம் எழுந்தது. ஆம்பூரிலும் லூதரன் சபையார் மருத்துவமனை கண்டனர்.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பார்ப்பவன் என நான்கினையும் மருத்துவத்தின் உறுப்பாகக் கொண்டு முடிகின்றது. நம் தோல் நகரங்களில் இடை நின்ற இரண்டும் குறைவில. முதலும் ஈறுமே தளர்ந்துள்ளன. நோயுற்றவன் ஒரு நாள் மருத்துவரிடம் சென்றால் அந்நாட்கூலி போம். வீட்டிற் பார்க்க ஆள் இல்லை. பார்க்கும் பெண்ணும் கூலிக்குத் தைப்பவளே.

இனிச் சட்டத்தின் வழியை நோக்குவோம். வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்தது. கெடுத்தவனே ஈடுகொடுத்தல் வேண்டும், கேடு வருமுன் காத்தல் வேண்டும் என்னும் இரு நெறிகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் கூறாக அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. தோற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றாகவோ ஒரு பகுதியோ பயிருக்கு ஆகாதாயிற்று என்னும் கணக்கு அதனுள் உள்ளது. பின்னர் அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001இல், 547 தோல் ஆலைகள் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் கொடுக்குமாறு விதித்தது. 2025 ஜனவரி 30இல் உச்சநீதிமன்றம் மீண்டும் இவ்விழப்பீடு எஞ்சினார்க்கும் சேர வேண்டுமென விதித்துக் கண்காணிப்புக் குழுவொன்றையும் அமைக்கச் செய்தது. இவையெல்லாம் பெருநன்மையே. எனினும் அவ்விழப்பீட்டின் பெரும்பகுதி கெட்ட நிலத்தை அளந்து கணக்கிட்டது. நிலத்திற்குப் பட்டா உண்டு; நுரையீரலுக்குப் பட்டா இல்லை. அதே கிணற்றுநீரைக் குடித்த நிலமற்ற கூலியாளன் எக்கணக்கில் வருவான்? 2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டைச் சிட்கோ வளாகத்தில் கழிவுக் குழம்புத் தொட்டிச் சுவர் இடிந்து, அடுத்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் இறந்தனர். அவருட் பெரும்பாலோர் வங்காளத்தினின்று வந்தவர். வேலைக்களத்திலேயே படுக்கை விரித்தவர்க்கு எந்த வீதியின் செவிலி பொறுப்பாவாள்?

ஈ.எஸ்.ஐ. என்னும் காப்பீடு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 2019 ஜூலை முதல் தொழிலாளி தன் கூலியில் நூற்றுக்கு முக்கால் பங்கும், முதலாளி மூன்றேகால் பங்கும் செலுத்துமாறு வகுக்கப்பட்டது. அதனாற் குடும்பத்தார்க்கு மருத்துவமும், நோயாற் கிடந்த நாட்களுக்குக் கூலியின் ஒரு பகுதியும் கிடைக்கும். நாட்கூலி போமே என்று அஞ்சுவோனுக்கு இதனினும் உற்ற மருந்து யாதுளது? ஆனால் அவன் பெயர் ஆலையின் ஏட்டில் இருத்தல் வேண்டும். ஒப்பந்தக்காரன் கீழ் இன்று ஓர் ஆலை, நாளை ஓர் ஆலை என்று செல்வோன் பெயர் பெரும்பாலும் அதில் ஏறுவதில்லை. ஆம்பூர்ப் பக்கத்துத் தெருக்களில் செருப்பின் மேற்பாகத்தை வீட்டுத் திண்ணையில் இருந்து கையாற் தைக்கும் பெண்டிர் நிலை அதனினும் இரங்கத்தக்கது. ஜோடிக்கு இவ்வளவு என்பதே அவர் கூலி. கழுத்து நோவும் கண் மங்கலும் ஊசி குத்திய புண்ணும் அவர்க்குரியன. ஆலையின் ஏடு அவர்க்குரியதன்று.

இன்னோர்க்கென்றே அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியங்களுள் காலணி, தோற்பொருள், தோல் பதனிடும் தொழிலாளர் வாரியம் ஒன்று உள்ளது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பெருநோய்க்கு உதவும். 2021 ஆகஸ்டு 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவுக்கும் குருதிக் கொதிப்புக்கும் வாயிலிலேயே மருந்து தருகின்றது. குறள் கூறிய நான்காம் உறுப்பு இதனால் ஓரளவு நிரம்பும். தைப்பவள் வாயிலுக்கு வரும் ஊழியர் குருதியழுத்தம் பார்க்கும்போதே கையையும் திருப்பிப் பார்த்து, ‘என்ன வேலை?’ என்று கேட்டு எழுதுவாராயின், இரமஸ்ஸினி வேண்டிய வினா பெருஞ்செலவின்றி ஊர்தோறும் கேட்கப்பட்டதாகும்.

நம் மாணவியர்க்கு இதனில் ஓர் இடம் உண்டு. ஆடவர் புகவியலாத உள்வீடுகளில் அவர் புகலாம். வாரியத்தின் விண்ணப்பத்தைத் தமிழிற் படிக்கவியலாத உருது மொழிப் பெண்டிர்க்குப் பொருள் சொல்லி நிரப்பித் தரலாம். உருது அறிந்த தோழியர் நம் வகுப்பிலேயே உளர். இதற்கு விடுமுறையில் ஒரு பிற்பகலும், ஆதார் அட்டையும், வங்கிப் புத்தகமும், ஒரு நிழற்படமும் போதும். தைக்கும் தொழில் என்பதற்குச் சான்று யார் தருவார் என்பதே இடர்ப்பாடு. வேலை கொடுக்கும் இடைத்தரகர் கையெழுத்திட அஞ்சுவர். ஆதலின் முதலில் அவரிடத்துச் சென்று பேசுதல் வேண்டும்.