குழம்பின் உப்பை உருளைக்கிழங்கு உறிஞ்சுமா?

மழைக்காலம். கடலில் கொந்தளிப்பு. பழவேற்காட்டு மீனவர் குப்பங்களில் படகுகள் கரையேறிக் கிடக்கும் நாட்களில், பானையில் சேமித்த கருவாடு கைகொடுக்கும். கொஞ்சம் கருவாட்டோடு உருளைக்கிழங்கையும் சேர்த்துக் குழம்பு வைத்தால் வீட்டில் எல்லோருக்கும் போதும்.

ஆனால், கருவாட்டுக் குழம்பில் எளிதில் உப்புக் கூடிவிடும். "இன்னும் ஓர் உருளைக்கிழங்கை நறுக்கிப் போடு, உப்பை இழுத்துக்கொள்ளும்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது உண்மைதானா? நாமே சோதித்துப் பார்ப்போம்.

சோதனை 1: இரண்டு டம்ளர்களில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். விரல் நீளத்திற்கு மெல்லியதாக நறுக்கிய பச்சை உருளைக்கிழங்குத் துண்டுகளை இரண்டிலும் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வளைத்துப் பாருங்கள். நல்ல தண்ணீரில் கிடந்த துண்டு விறைப்பாக இருக்கும். உப்புத் தண்ணீரில் கிடந்தது துவண்டு வளையும்.

காரணம் என்ன? கிழங்கின் ஒவ்வொரு செல்லையும் ஒரு சவ்வு மூடியிருக்கிறது. அதன் வழியே தண்ணீர் எளிதில் போகும். உப்பு எளிதில் போகாது. எனவே செல்லுக்குள் இருந்த தண்ணீர், உப்பு மிகுந்த வெளிப்பக்கத்திற்குச் சென்றுவிடுகிறது. இதுவே சவ்வூடு பரவல். ஆக, பச்சைக் கிழங்கு உப்பை இழுக்கவில்லை. தன் தண்ணீரைத்தான் கொடுத்தது!

சோதனை 2: அதே அளவு உப்புத் தண்ணீரில் சில துண்டுகளை வேகவைத்துச் சுவைத்துப் பாருங்கள். இப்போது துண்டுக்குள்ளும் உப்புக் கரிக்கும். வெப்பத்தால் சவ்வு சிதைந்துவிட்டது. உப்பு உள்ளே விரவுகிறது. உள்ளும் புறமும் ஏறக்குறைய சமமாகும்வரை விரவும். அதற்கு மேல் போகாது.

இனி ஒரு சிறு கணக்கு. 1 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் கால் கிலோ உருளைக்கிழங்கு போடுகிறோம். கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதாவது 200 கிராம். இப்போது அந்த 20 கிராம் உப்பு 1.2 லிட்டர் தண்ணீரில் பரவுகிறது. லிட்டருக்கு 20 கிராம் என்பது சுமார் 17 கிராமாகக் குறைகிறது. 200 மில்லி தண்ணீர் ஊற்றியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

பழவேற்காடு ஏரியிலும் இதுதான் நடக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவரும்போது ஏரியின் கரிப்புக் குறைகிறது. கோடையில் மீண்டும் கூடுகிறது.

பாட்டி சொன்னதில் பாதி உண்மை. கரிப்புச் சற்றுக் குறையும். ஆனால் உப்பு எங்கும் போய்விடவில்லை. கிழங்கோடு சேர்ந்து நம் வயிற்றுக்குள் போகிறது. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் குழம்பை நால்வர் பகிர்ந்து உண்டால், ஆளுக்கு 5 கிராம் ஒரே வேளையில் சேர்ந்துவிடும்! இரத்த அழுத்தம் உள்ள பாட்டிக்கு அது நல்லதா?

உப்பை உண்மையிலேயே வெளியேற்ற வழி உண்டு. கருவாட்டை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். விரவி வெளிவந்த உப்பு அதோடு போய்விடும்.

பிறகு சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளியை வதக்கி, மிளகாய்த்தூளும் தண்ணீரும் சேர்த்து, முதலில் உருளைக்கிழங்கை வேகவிடுங்கள். முக்கால் பதம் வெந்த பின்பே புளியைக் கரைத்து ஊற்றுங்கள். புளிப்பில் கிழங்கு மெதுவாகத்தான் வேகும். கடைசியில் கருவாட்டைப் போட்டுக் கொதிக்கவிட்டு, சுவைத்துப் பார்த்த பின்னரே உப்புச் சேருங்கள். கருவாடு இல்லையா? கத்தரிக்காய், வாழைக்காய், அவித்த முட்டை எதுவும் பொருந்தும். பச்சை நிறம் படர்ந்த, முளைவிட்ட கிழங்கை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். அதிலுள்ள நச்சுப்பொருள் வேகவைத்தாலும் அழியாது.

இன்று இரவே முதல் சோதனையைச் செய்து, பாட்டிக்கும் காட்டுங்கள்.