மூன்றாம் பக்கத்து வரி

அன்புள்ள வாசகிக்கு,

சோழிங்கநல்லூரிலிருந்து நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வயது 29. படித்தது மெக்கானிக்கல், பார்ப்பது சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஒரே கம்பெனியில் 4 வருடம் 3 மாதம். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்தாலே நெஞ்சை அடைக்கிறது என்கிறீர்கள். அடுத்த மாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு சாத்தூருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

பொறுத்துக்கொண்டு இருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதமே விட்டுவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஒருமுறை அப்படி விட்டவன் நான்.

கோவையில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் 1996-இல் சேர்ந்தேன். பர்ச்சேஸ் பிரிவு. சின்னச் சின்ன பவுண்டரிக்காரர்களிடம் பேசி வார்ப்படத்தின் விலையைக் கிலோவுக்கு 50 காசாவது குறைக்க வைப்பதுதான் என் வேலை. பில் போட்டு மூன்று மாதமாகியும் பணம் வராமல் அவர்கள் வாசலில் காத்திருப்பார்கள். அந்த முகங்களைப் பார்க்க முடியாமல் பின்வாசல் வழியாகச் சாப்பிடப் போவேன். ஏழு வருடம் இப்படிப் போனது. 2003-இல் ஒருநாள் மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கத்தினார். அன்று மத்தியானமே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கையில் வேறு வேலை இல்லை. நான்கு மாதம் வீட்டில் இருந்துவிட்டு இன்னொரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கேயும் பர்ச்சேஸ்தான். எட்டாவது மாதம் அதே வயிற்றுவலி வந்தது. கம்பெனியை மாற்றியிருந்தேனே தவிர வேலையை மாற்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நான் எதை வெறுத்தேன் என்பதை யோசித்துப் பார்க்க எனக்கு எட்டு வருடம் ஆகியிருக்கிறது. கத்திய அதிகாரியையா, சம்பளத்தையா, பேரம் பேசுவதையா? அதிகாரி மாறிய பிறகும் வலி நின்றபாடில்லை. பேரம்தான் என்னைத் தின்றுகொண்டிருந்தது. அதே வேலையில் எனக்கு நல்ல நாட்களும் இருந்தன. சரக்கு ரிஜக்ட் ஆகும்போது கோவை கணபதி பகுதியில் உள்ள பவுண்டரிகளுக்கு என்னை அனுப்புவார்கள். மோல்டர்களோடு மண்ணில் குந்தி உட்கார்ந்து, வார்ப்படத்தில் ஏன் ஓட்டை விழுகிறது, மண்ணில் ஈரம் கூடிவிட்டதா, காற்று வெளியேற வழியில்லையா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பாட்டு நேரம் தாண்டியது தெரியாது. அந்த இரண்டாவது கம்பெனியிலேயே தரப் பிரிவுக்கு மாற்றல் கேட்டேன். சம்பளத்தில் 2,000 ரூபாய் குறைந்தது. அங்கே 16 வருடம் இருந்தேன்.

இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் அரசு வேலையை உதறவில்லையா என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலே, கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில்தான் அவர் இருந்தார். 1963-இல் சேர்ந்து 1969-இல் வெளியே வந்தார். மானாவாரி விவசாயிக்கு அங்கே நடக்கும் ஆராய்ச்சியால் பயனில்லை என்பதைக் கூட இருந்தே பார்த்துத் தெரிந்துகொண்டவர். வெளியே வந்ததும் களக்காட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து விவசாயிகளிடையே பத்து வருடம் வேலை செய்தார். அவர் விட்டது அலுவலகத்தை, விவசாயத்தை விடவில்லை. எதை விடுகிறோம், எதை எடுத்துக்கொண்டு போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கு அது இன்னும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் கடிதத்திலேயே அதை எழுதிவிட்டீர்கள்!

மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், ஒரு வரி. புதிதாக வந்த பையனுக்கு இரண்டு வாரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தீர்களாம். அந்த இரண்டு வாரமும் ஆபீஸ் போக அலுப்பே வரவில்லையாம். மற்ற மூன்றே முக்கால் பக்கத்தைவிட எனக்கு அந்த ஒரு வரி முக்கியமாகப் பட்டது. உங்களை ஈர்ப்பது சொல்லிக் கொடுப்பதாக இருக்கலாம். அந்தப் பையனின் நன்றியாகவும் இருக்கலாம். டெஸ்டிங்கிலிருந்து கிடைத்த இரண்டு வார ஓய்வாகவும் இருக்கலாம். வேலையில் இருக்கும்போதே சோதித்துப் பாருங்கள். கம்பெனியில் பயிற்சிப் பிரிவு இருந்தால் அங்கே ஒரு தொகுதிக்கு வகுப்பெடுக்கக் கேளுங்கள். சனி, ஞாயிறுகளில் பாலிடெக்னிக் பிள்ளைகள் நான்கு பேருக்குக் கணக்கு சொல்லிக் கொடுங்கள். மூன்று மாதமாவது செய்யுங்கள். பாடம் எடுக்க எல்லோருக்கும் ஆசைதான். நாற்பது விடைத்தாளைத் திருத்துவதும், புரியாத பிள்ளைக்கு நான்காவது தடவை அதே கணக்கைச் சொல்வதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். அதிலும் மனம் நின்றால் பி.எட். பற்றிப் பேசலாம். அது இரண்டு வருடம், சம்பளமில்லாத இரண்டு வருடம்.

இனி பணத்துக்கு வருகிறேன். நான் பட்டதை நீங்கள் பட வேண்டாம். 2003-இல் வெளியே வந்ததும் பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்தேன். படிவம் 10சி எழுதிக் கொடுத்து பென்ஷன் பகுதியையும் எடுத்தேன். நான்கு மாதத்தில் எல்லாம் கரைந்தது. பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். பணமாக எடுக்காமல் அதே படிவத்தில் திட்டச் சான்றிதழ் கேட்டிருந்தால் அந்த ஏழு வருடமும் என் கணக்கில் நின்றிருக்கும். யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் எங்கே போனாலும் பி.எஃப்.-ஐ மாற்றிக்கொள்ளுங்கள், எடுக்காதீர்கள். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வருமான வரியும் வரும்.

கிராஜுவிட்டிக்கும் ஐந்து வருடக் கணக்குதான். உங்களுக்கு இன்னும் ஒன்பது மாதம் பாக்கி. கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் கணக்கில், ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 57,700 ரூபாய். சாத்தூரில் ஒரு குடும்பம் சில மாதம் மூச்சுவிடும் பணம் அது.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் அப்பா. சர்க்கரை இருக்கிறது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, கம்பெனி இன்ஷூரன்ஸில்தான் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வெளியே வந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். தனியாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். எனவே அப்பாவுக்கான பாலிசியை இந்த மாதமே விசாரியுங்கள். நீங்கள் வேலையில் இருக்கும் காலத்திலேயே அந்தக் காத்திருப்பில் ஒரு பகுதி கழியட்டும். உங்கள் நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு வேண்டுகோள். அந்தப் பையனுக்கு முதல் நாள் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள், எந்த இடத்தில் அவனுக்குப் புரியாமல் போனது, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். நான்கு பக்கமும் அதைப் பற்றியே இருந்தாலும் சரி.

அன்புடன்.